ஆய்வுக்கூடம் கதவைத் திறக்கும் மாலை



உயிரியல் ஆய்வு நிலையம் என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? உயர்ந்த வேலி, வாயிலில் காவலர், உள்ளே வெள்ளை மேலங்கி அணிந்த சிலர். "அது பெரிய படிப்புப் படித்தவர்களின் இடம், பால்வெட்டுக்குப் போகும் நமக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒதுங்கி விடுகிறோம்.

ஆனால், உலகின் பல ஆய்வு நிலையங்கள் ஆண்டில் ஒரு பகலோ ஒரு மாலையோ பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கின்றன. ஐதராபாத்தில் 1977இல் தொடங்கப்பட்ட செல், மூலக்கூறு உயிரியல் மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் நிறுவப்பட்ட நாள் 1942 செப்டம்பர் 26. அந்நாளையொட்டி அந்த மையம் பொதுமக்களை உள்ளே அழைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கிறார்கள். ஆய்வாளர்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி அழைக்கிறார்கள்? ஆய்வுக்குச் செலவாவது பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல நல்ல ஆய்வுகள் வேலிக்கு வெளியே, சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையில்தான் தொடங்குகின்றன. இதற்கு நம் மலாயா மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டுத் தொழிலாளர்களை வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், முடிவில் இதயமே நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் பெருமளவில் தாக்கியது; தமிழ்த் தொழிலாளர்களை அரிதாகவே தொட்டது. வேலையும் வெயிலும் இருவருக்கும் கடுமைதான். வேறுபாடு எங்கே? சோற்றுப் பானையில்! சீனர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டார்கள். தமிழர்கள் புழுங்கலரிசி உண்டார்கள். 1907இல் அவர் இதை நூலாகவே எழுதினார்.

கவனித்தது மட்டும் போதுமா? போதாது. இரு இனத்தாருக்கும் வேறு பழக்கங்களும் வெவ்வேறானவை அல்லவா? எனவே சோதித்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் பிளெட்சர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் அதைச் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து, ஒற்றைப்படை எண்ணாருக்கு ஓர் அரிசி, இரட்டைப்படை எண்ணாருக்கு மற்றோர் அரிசி என்று பிரித்தார். இடத்தினால் நோய் வருகிறதோ என்ற ஐயம் தீர, இடையில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். நோய் இடத்தோடு நிற்கவில்லை. வெள்ளை அரிசியோடுதான் போயிற்று. அந்தக் கூட்டத்தில் பலர் மாண்டனர். புழுங்கலரிசிக் கூட்டத்தில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை.

1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் அடுத்த படியை ஏறினார்கள். நெகிரி செம்பிலானில் வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 1909இல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சும் தொற்றும் காரணமல்ல. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருள் உடலுக்குக் கிடைக்காததே காரணம் என்ற முடிவுக்கு வழி பிறந்தது. அந்தப் பொருளை 1926இல் ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்ற இருவர் தனியே பிரித்தெடுத்தார்கள். அதைத்தான் இன்று வைட்டமின் பி1, அதாவது தயாமின் என்கிறோம்.

புழுங்கலரிசியில் அது எப்படித் தங்குகிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, வெளித்தோலில் உள்ள தயாமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது; ஆனால் அவர்கள் அவித்த நெல் உயிர் காத்தது. தயாமின் நீரில் கரையும் என்பதால், அரிசியைப் பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் நல்லதல்ல என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. அந்த நோயாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இன்றுள்ளதைப் போன்ற ஒப்புதல் விதிகள் அன்று இல்லை. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வில் அவரவர் ஒப்புதல் வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையில் வகுத்தது. அன்று தொழிலாளி ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவராக மட்டுமே இருந்தார். இன்று தொழிலாளியின் பிள்ளை விருந்தினராக உள்ளே போகலாம், கேள்வியும் கேட்கலாம். திறந்த நாளின் உண்மையான மதிப்பு இதுதான்.

சுங்கைப் பட்டாணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாத ஒன்றல்ல. பீடோங் அருகே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பினாங்கில் 1969இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் பொதுமக்களுக்கு அழைப்பு வரும்போது, பெற்றோரே, தயங்காமல் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வண்ணப் படங்களைப் பார்த்து, கொடுக்கும் பானத்தைக் குடித்துத் திரும்பிவிட வேண்டாம்.

மாணவர்களே, நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் முதலில் கவனித்தது என்ன? எதனோடு எதை ஒப்பிட்டீர்கள்? மாற்றிச் செய்து பார்த்தீர்களா? மனிதர்களை வைத்துச் செய்தால், அவர்களின் ஒப்புதலைப் பெற்றீர்களா? இந்த நான்குக்கும் விடை சொல்ல நல்ல ஆய்வாளர் மகிழ்வார். மலாயோ ஆங்கிலமோ தடுமாறினாலும் கவலை வேண்டாம். கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டலாம். வீட்டுக்கு வந்ததும் கேட்டதைத் தம்பி தங்கையருக்குத் தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால், உங்களுக்கு அது விளங்கிவிட்டது என்று பொருள்.