பொருளற்ற சொற்கள் பாட்டான வரலாறு

நம் விடுதிகளில் மலையாள நாட்டு மாணவர் சிலர் ஒருங்கு கூடிய இரவில், எவரேனும் உண்கலத்தைத் தாளமாகத் தட்டத் தொடங்குவாராயின், 'பிஸ்தா' என்னும் பாட்டு எழாதிராது. தமிழ் மாணவரும் உடன் சேர்ந்து பாடுவர். பொருள் யாதென வினவினால் இரு சாராரும் நகைப்பரேயன்றி விடை கூறார். பொருளில்லாத இப்பாட்டிற்கு வரலாறு ஒன்று உண்டாதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1983-ஆம் ஆண்டில் சத்தியன் அந்திக்காடு இயக்கிய 'கின்னாரம்' என்னும் மலையாளப் படத்தில், ஜகதி ஸ்ரீகுமார் இசையமைப்பாளர் வேடம் புனைந்து, தாம் அமைத்த மெட்டென்று ஒன்றைப் பாடிக் காட்டுகின்றார். சொற்கள் வெறும் ஒலிகளே. காட்சியும் சிறிது நேரத்தில் முடிந்துவிடுகின்றது. ஆயினும் அந்நகைப்பு வெறுமையானதன்று. திரைப்பாட்டில் மெட்டு முன்னும் சொல் பின்னும் வருதல் பெருவழக்கு. இசையமைப்பாளர் 'தன்னானே' என்றோ வாய்க்கு வந்தவாறோ பாடுவர். அத்தத்தகாரத்தின் அளவிற்கேற்பப் புலவர் பின்னர்ச் சொற்களை இட்டு நிரப்புவர். இட்டு நிரப்பாத வெற்றுத் தத்தகாரத்தையே முற்றுப்பெற்ற பாட்டெனப் பெருமிதத்தோடு பாடுவதில்தான் ஜகதியின் வேடிக்கை உள்ளது. நம் தில்லானாவிலும் ஒலிக்கட்டே மிகுதி. அதனை எவரும் நகைப்பதில்லை என்பதையும் எண்ணுக.

இன்னும் ஒன்று. அவ்வொலிகளினூடே நம் சென்னைத் தெருக்களின் வசைமொழியை ஒத்த ஓசையும் கேட்கின்றது. அந்நாளில் மலையாளப் படத்தொழில் பெரும்பாலும் கோடம்பாக்கத்தைச் சார்ந்தே நடைபெற்றமையின் இது வியப்பன்று. 'நீ என்ன பெரிய பிஸ்தாவா?' என்று பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் கேட்போர்க்குப் பருப்பின் நினைவா வருகின்றது?

முப்பதாண்டுகள் கழிந்தன. 2013-இல் அல்போன்ஸ் புத்திரன், சென்னையில் ஒரே நாளில் நிகழும் கதையாக 'நேரம்' என்னும் படத்தைத் தமிழ், மலையாளம் ஆகிய இருமொழிகளிலும் எடுத்தார். அதன் இசையமைப்பாளர் ராஜேஷ் முருகேசன், ஜகதியின் அப்பழைய ஒலிகளை எடுத்து, பல்லவியும் தாளக்கட்டும் கொடுத்து, முழுப் பாட்டாக்கினார். சபரீஷ் வர்மா பாடினார். பொருள் புகுத்த முயலாமையே அவர்தம் நல்லறிவு என்போம். புகுத்தியிருப்பின் பாட்டு அன்றே மாண்டிருக்கும்! இருமொழிப் படத்திற்கு எம்மொழிக்கும் உரியதல்லாத பாட்டு எத்துணைப் பொருத்தம்! மொழிபெயர்க்க வேண்டுவதேயில்லை.

ஆயினும் நம் மனத்தை உறுத்துவதொன்று உண்டு. 2012 மார்ச்சு மாதத்தில் ஜகதி கார் விபத்தொன்றிற் கொடுங்காயமுற்றுப் பேச்சும் நடமாட்டமும் குன்றினார். தம் வேடிக்கை பாட்டாகி ஊரெங்கும் ஒலித்தபோது, அதனைத் தாமே ஒருமுறை பாடிக்காட்டும் நிலையில் அவர் இல்லை. நகைச்சுவை நடிகர் கணப்பொழுதிற் சொல்லிப்போவதை எழுதி வைப்பாரும் இலர். உரிமை பேசுவாரும் அரியர். இங்கோ, மூலம் இன்னாருடையது என்பதைக் கேட்போரே மறவாதிருந்தனர். பாட்டைக் கேட்ட இளைஞர் பலர் பழைய 'கின்னாரக்' காட்சியைத் தேடிக் கண்டனர்; நாமும் அவ்வாறே கண்டோம்.

2022-இல் மம்மூட்டி நடித்த 'சி.பி.ஐ. 5' படத்தில் ஜகதி சிறு வேடமொன்றில் மீண்டும் திரையிற் தோன்றினார். அவரைக் கண்டதும் நம்முடன் இருந்த மாணவர் ஒருவர் நாற்காலியின் கையைத் தட்டத் தொடங்கினார்.