ஒரே மகிழுந்து, இரு களங்கள்

1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. 2017ஆம் ஆண்டு வரை ஃபார்முலா 1 பந்தயங்கள் நடைபெற்ற அத்தடத்தில், கட்டணம் செலுத்திச் சொந்த மகிழுந்தை ஓட்டிப் பார்க்கப் பொதுமக்களுக்கும் வாய்ப்பு உண்டு. டொயோட்டா ஜிஆர்86, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய விளையாட்டு வகை மகிழுந்துகளை வைத்திருப்போர் பலர், வார நாள்களில் வேலைக்குச் செல்லும் அதே வாகனத்தையே வார இறுதியில் தடத்திலும் ஓட்ட விரும்புகின்றனர். அவ்வாறு விரும்புவோர் முதலில் மாற்ற எண்ணுவது வாகனத்தின் சஸ்பென்ஷன் அமைப்பையே. ஆயினும், இம்மாற்றத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் வீணாவதோடு, மழைநாளில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சஸ்பென்ஷனின் தலையாய கடமை பயணிகளுக்குச் சொகுசு தருவது என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில், நான்கு டயர்களும் சாலையை விட்டு அகலாமல் காப்பதே அதன் முதற்கடமை. டயர் தரையில் அழுந்தியிருக்கும்போதுதான் திருப்பவும் நிறுத்தவும் பிடிமானம் கிடைக்கும். இப்பணியை மூன்று பாகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்பிரிங் வாகனத்தின் எடையைத் தாங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராதபடி அப்சோர்பர் தடுக்கிறது. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே புகுந்து செல்லும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், வளைவுகளில் வாகனம் ஒருபுறம் சாய்வதைக் குறைக்கிறது.

ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு மகிழுந்தின் எடை 1,200 கிலோகிராம் என்றும், அது நான்கு சக்கரங்களின் மேலும் சமமாக இறங்குகிறது என்றும் கொள்ளலாம். அப்படியானால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 300 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோகிராம் பாரம் தேவைப்படும் மென்மையான ஸ்பிரிங், இந்த எடையால் 100 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு 10 கிலோகிராம் தேவைப்படும் கடினமான ஸ்பிரிங்கோ 30 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கியிருக்கும்.

இப்போது சக்கரம் 40 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு குழியை வேகமாகக் கடக்கிறது. மென்மையான ஸ்பிரிங் 40 மில்லிமீட்டர் விரிந்த பின்னும் 180 கிலோகிராம் பாரத்தோடு சக்கரத்தைத் தரையில் அழுத்தும். கடினமான ஸ்பிரிங் 30 மில்லிமீட்டர் விரிந்தவுடனே தன் அழுத்தத்தை முழுதும் இழந்துவிடும். அந்தக் கணத்தில் டயருக்குப் பிடிமானம் ஏறத்தாழ இல்லாமற்போகும். சமதளமான பந்தயத் தடத்தில் சாய்வைக் குறைத்து விரைவாகத் திரும்ப உதவும் அதே ஸ்பிரிங், குண்டும் குழியுமான சாலையில் எதிர்விளைவைத் தருவதற்கு இதுவே காரணம். கடினமே சிறப்பு என்பது தவறான எண்ணம். சாலைக்கு ஏற்ற கடினமே சிறப்பு.

வாகனத்தின் உயரத்தைக் குறைப்பதிலும் இதே கவனம் தேவை. உயரம் குறையும்போது எடையின் மையம் தாழ்ந்து, வளைவுகளில் நிலைத்தன்மை கூடுகிறது. ஆனால், அளவுக்கு மீறித் தாழ்த்தினால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமின்றி அதன் முடிவிலுள்ள ரப்பர் தடுப்பில் மோதும். வளைவின் நடுவே இவ்வாறு மோதினால் அச்சக்கரம் திடீரெனப் பிடிமானத்தை இழக்கக்கூடும். மேலும், குடியிருப்புப் பகுதிகளிலுள்ள வேகத்தடைகளிலும் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களின் சரிவுகளிலும் வாகனத்தின் அடிப்பகுதி உரசும்.

எனவே, மாற்றங்களைப் படிப்படியாகச் செய்வதே அறிவுடைமை. முதற்படி, ஏற்கெனவே உள்ள பாகங்களைச் சோதிப்பதாகும். எண்ணெய் கசியும் அப்சோர்பரையும் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினாலே பழைய மகிழுந்து புதுத் தெம்பு பெறும். அடுத்து, நல்ல டயர்களும் வெப்பத்தைத் தாங்கும் பிரேக் எண்ணெயும் பிரேக் பேடும் தேவை. நேர்ச்சாலையின் முடிவில் வாகனத்தை நிறுத்த முடியாவிட்டால், விலையுயர்ந்த சஸ்பென்ஷன் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது படி, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் ஆகும். வாகனம் வளைவில் சாயும்போது வெளிப்புற டயரின் ஓரம் மட்டும் அழுந்தித் தேய்கிறது. சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே சற்று உட்புறம் சாய்த்து வைத்தால், வளைவில் டயர் முழுமையாகத் தரையில் படியும். இச்சாய்வைக் கேம்பர் என்பர். எனினும், கேம்பர் மிகுந்த வாகனத்தை நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயரின் உள்ஓரம் விரைவில் தேயும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே தடத்திற்குச் செல்பவர், நடுத்தரமான அளவையே தேர்ந்தெடுப்பது நல்லது.

இவற்றுக்குப் பிறகே அப்சோர்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருத்தல் அவசியம். பழைய அப்சோர்பருடன் மிகக் கடினமான ஸ்பிரிங்கை மட்டும் பொருத்தினால், ஆட்டம் அடங்காமல் வாகனம் துள்ளும். இறுக்கத்தைக் கையால் மாற்றக்கூடிய அப்சோர்பர்களும் சந்தையில் உள்ளன. இவற்றை வீட்டுக்குச் செல்லும்போது தளர்த்தி வைக்கலாம். ஆனால், ஸ்பிரிங்கின் கடினம் அதனால் மாறிவிடாது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்டெபிலைசர் பாரை மாற்றும்போது முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலான சமநிலையைக் கவனிக்க வேண்டும். முன்புறம் மட்டும் கடினமானால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வாகனம் நேராகவே செல்ல முற்படும். பின்புறம் மட்டும் கடினமானால் வாகனத்தின் வால்பகுதி வழுக்கும். பிற்பகலில் பெருமழை கொட்டும் இந்நாட்டுச் சாலைகளில் பின்னது மிகவும் ஆபத்தானது.

ஒவ்வொரு முறையும் ஒரேயொரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைக் குறித்துவைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பலவற்றை ஒரே நாளில் மாற்றினால், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று பிரித்தறிய இயலாது. அத்துடன், மாற்றங்கள் சாலைப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டவையா என்பதையும், காப்புறுதிப் பாதுகாப்பைப் பாதிக்குமா என்பதையும் முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது வாகனத்திற்கும் பொருந்தும். தடத்தில் மிச்சப்படும் ஓரிரு வினாடிகளைவிட, அன்றாடச் சாலையில் குடும்பத்தினரைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பதே பெரிது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மகிழுந்து எங்கே ஓடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவரே, அதற்கேற்ற சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுப்பார்.