வருடா வருடம் புது ஆட்டம் வேண்டுமா?

சென்ற தீபாவளி முடிந்த வாரம். பள்ளி முடிந்து வெளியே வருகிறேன், மாணவி ஒருத்தியின் தாயார் வாசலில் காத்து நிற்கிறார். வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்.

"சார், டிவியப் பாத்து ஆடுற அந்த ஜஸ்ட் டான்ஸ் புதுசு வந்திருக்காம். மூணு நாளா ஒரே அழுகை. ஓவர்டைம் காசு கொஞ்சம் இருக்கு. வாங்கிக் கொடுக்கலாமா, இல்ல படிப்பு கெட்டுடுமா?"

படிப்பு கெடும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்கள் வர்க்கத்துக்குப் பழகிய பதில் அது. ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி என்னவென்று சொல்வது? சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்கே போனேன்.

தொலைக்காட்சிக்குக் கீழே வெள்ளை நிறத்தில் ஒரு சிறு பெட்டி. நிண்டெண்டோ வீ என்று பெயர், 2006-ல் வெளிவந்த கருவி. பட்டணத்து மாமா, தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கொடுத்தனுப்பியதாம். கூடவே 2010-ல் வந்த ஜஸ்ட் டான்ஸ் இரண்டாம் பதிப்புத் தட்டு ஒன்று.

திரையில் முகம் தெரியாத ஓர் உருவம் ஆடுகிறது. நிஜமான நடனக்காரர்களைப் படம்பிடித்து, முகத்தை மறைத்து வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணாடி பார்ப்பது போலத்தான்: அது இடக்கையைத் தூக்கினால் நாம் வலக்கையைத் தூக்க வேண்டும். அடுத்த அசைவைக் காட்டும் சின்னப் படம் ஓரத்தில் நகர்ந்து வரும். படிக்கத் தெரியாதவரும் ஆடலாம்.

அந்தத் தட்டில் ஏ. ஆர். ரஹ்மானின் 'ஜெய் ஹோ' பாட்டின் ஆங்கில வடிவம் இருக்கிறது. அது தொடங்கியதும் அடுப்படியிலிருந்து தாயாரும் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய பாட்டி, முழங்கால் வலிக்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையில் கருவியைப் பிடித்து வீசினார். முடிவில் பேத்தியைவிடப் பாட்டிக்குத்தான் புள்ளி அதிகம்!

இதில் மாயம் ஏதுமில்லை. கைப்பிடிக்குள் இருக்கும் உணர்கருவி கையின் வேகத்தையும் திசையையும் மட்டுமே அறியும். காலும் இடுப்பும் என்ன செய்கின்றன என்று அதற்குத் தெரியாது. உண்மையான நடனம் பழக நினைப்பவருக்கு இது குறைதான். ஆனால் அந்தக் குறைதான் பாட்டியையும் ஆட்டத்தில் சேர்த்தது. அந்த வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாகச் சிரித்ததைப் பார்த்த பிறகு, படிப்பு கெடும் என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

பிறகு அந்தப் பெண் பேசினாள். "சார், இதுல எல்லாம் பழைய பாட்டு. பெரியம்மா வீட்டுல புதுசு இருக்கு. எங்க வீட்டுல இருக்கறதச் சொன்னா சிரிக்கிறாங்க."

அந்த அழுகையை நான் கேலி செய்யமாட்டேன். என் வயதில் அது சப்பாத்துக்காக இருந்தது.

ஆட்டத்தின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1998-ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம், காலால் அம்புக்குறிகளை மிதித்து ஆடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2009-ல் பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 32 பாடல்களோடு ஜஸ்ட் டான்ஸை வெளியிட்டது. விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள், மக்கள் வாங்கிக் குவித்தார்கள். அன்று முதல் ஆண்டு தவறாமல் ஒன்று வருகிறது. பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில். அவர்கள் கிறிஸ்துமஸைக் குறிவைக்கிறார்கள், நம் தீபாவளிப் பணமும் அதில் மாட்டிக்கொள்கிறது.

இடையில் டான்ஸ் சென்ட்ரல் என்ற போட்டியாளரும் வந்தார். அதில் கேமரா உடம்பு முழுவதையும் பார்க்கும், பாட்டியின் வித்தை பலிக்காது. ஆனால் அந்தக் கேமராவைச் செய்வதையே 2017-ல் நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஆண்டுதோறும் புதிதாக என்னதான் வருகிறது? ஆடும் முறை பெரும்பாலும் அதேதான். மாறுவது பாட்டு, சுமார் நாற்பது. அந்த ஆண்டு பிள்ளைகள் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுகள் என்பதால்தான் இழுப்பு அதிகம். அடுத்த ஆண்டே அவை பழையவை ஆகிவிடும்.

தாயாரிடம் முக்கியமாக ஒன்றைச் சொன்னேன். புது ஆட்டம் அந்த வெள்ளைப் பெட்டியில் ஓடவே ஓடாது. 2019-ல் வந்த 'ஜஸ்ட் டான்ஸ் 2020'தான் வீ கருவிக்குக் கடைசி. 2022-ல் வந்த பதிப்பிலிருந்து முறையே மாறிவிட்டது. கடையில் விற்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே தட்டு இராது, எண் அச்சிட்ட சீட்டுதான் இருக்கும். பாடல்களை இணையம் வழியாகப் பெற வேண்டும். இன்னும் நிறையப் பாட்டு வேண்டுமென்றால் தனியாகச் சந்தா. இதையெல்லாம் ஆட ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 போன்ற புதுக் கருவியும் வேண்டும். 2025-ல் அரசாங்கம் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதில் பெரும்பகுதியைக் கருவி ஒன்றே விழுங்கிவிடும். நம் தோட்டத்தில் இணையம் எப்படி என்பதை மழை நாளில் கேளுங்கள்!

இன்னொன்று, தட்டு பழையது என்றால் யாருக்கும் கொடுக்கலாம், மறுபடி விற்கலாம். சீட்டில் உள்ள எண்ணை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அவ்வளவுதான்.

"அப்போ புள்ளைய என்ன சொல்லித் தேத்துறது சார்?"

பழைய தட்டுதான் வழி. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்று கைமாற்று விலைக்குக் கிடைத்தது. சட்டைத் துணி விலைகூட இல்லை. அதில் 'ஃப்ரோஸன்' படத்தின் 'லெட் இட் கோ' பாட்டு இருப்பதால் பெண்ணுக்குச் சம்மதம். இப்படி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவுக்கென்று செய்த வீ கருவியில் ஐரோப்பாவுக்கென்று செய்த தட்டு ஓடாது. பெட்டியையும் தட்டையும் ஒத்துப்பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். ஆடும்போது கைப்பிடியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். லயத்து வீடுகளில் காற்றாடி தாழ்வாக இருக்கும்.

போன வாரம் அந்தத் தாயாரைப் பார்த்தேன். புதுத் தட்டு நன்றாக ஓடுகிறதாம். ஆனால் இரண்டு பாட்டு முடிந்ததுமே, "இதுல நம்ம ரஹ்மான் பாட்டு இல்லையே" என்று பழையதை மாற்றிப் போடச் சொல்கிறாராம் பாட்டி.