வகுப்பிலே ஆறு பேர்

நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். இவர்களில் எத்தனை பேருக்குக் கண்பார்வை குறைவு என்று கேட்டால், கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்குகிறவர்களை எண்ணி உபாத்தியாயர் சொல்லிவிடுவார். எத்தனை பேருடைய மனத்திலே நோவு இருக்கிறது என்று கேட்டால் திகைத்து நிற்பார். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனக்கோளாறினால் வருந்துவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த வீதப்படி பார்த்தால், நமது வகுப்பிலே ஆறு பேர்!

அந்த ஆறு பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மேஜையைத் தட்டிக் கலகம் செய்கிற பையனைப் 'போக்கிரி' என்கிறோம். வாயே திறவாத பெண்ணைப் 'பரம சாது' என்று புகழ்கிறோம். முன்னவனுக்குத் தண்டனை கிடைக்கிறது. பின்னவளுக்கு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கிறது. இரண்டு பேரையும் "உனக்கு என்ன கஷ்டம்?" என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலே நடக்கும் ஓயாத சண்டை ஒருவனுக்குக் கோபமாக வெளிப்படலாம். மற்றொருத்திக்கு மௌனமாக உள்ளேயே தங்கிவிடலாம்.

ஆகையால், பிள்ளையின் குணத்தைக் காட்டிலும் அந்தக் குணத்தில் ஏற்படும் மாறுதலையே நாம் கவனிக்க வேண்டும். முத்து முத்தாக எழுதியவனுடைய எழுத்துத் திடீரென்று கோணலாகிறது. கொண்டுவந்த சாப்பாடு தொடாமலே வீட்டுக்குத் திரும்புகிறது. பரீட்சை நாள் நெருங்க நெருங்கத் தலைவலியும் வயிற்றுவலியும் வருகின்றன. உயிர்த் தோழர்களை விட்டு ஒருவன் விலகித் தனியே நிற்கிறான். இவற்றில் ஒன்று ஒரு நாள் தென்பட்டால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு வாரம் நீடித்தால் வாளாவிருக்கக் கூடாது.

கண்ட பிறகு என்ன செய்வது? நாலு பேர் நடுவே விசாரிப்பது உதவாது. மணி அடித்த பிறகு தனியே அழைத்து, "என்னப்பா, சில நாளாக முகம் வாடியிருக்கிறதே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். உபதேசம் செய்தே பழகிய எங்களுக்கு இந்தப் பேசாமலிருக்கும் வித்தை மிகவும் கடினமானது! "உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண் என்றே நிபுணர்கள் சொல்கிறார்கள். பரிவுடன் கேட்கப்பட்ட கேள்வி பிள்ளையின் பாரத்தை இறக்கி வைக்கிறது. "ஆம்" என்று பதில் வந்தால் அவனைத் தனியே விடலாகாது. அதை ரகசியமாக வைத்துக்கொள்வதும் தகாது. பெற்றோருக்கும் வைத்தியருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இது மிகைப்பட்ட கவலையல்ல. 2022-ம் ஆண்டில் நமது நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. நூறு பேரும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டுமென்றும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பலர் முன் அவமானப்படுத்தக் கூடாதென்றும் 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. ஆனால், ஆலோசகரின் அறைக்குப் பிள்ளை தானே நடந்து போவது அபூர்வம். கைபிடித்து அழைத்துப் போக வகுப்பு உபாத்தியாயர் வேண்டும், "என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?" என்று சீறாத பெற்றோரும் வேண்டும். ஜுரத்துக்கு வைத்தியரிடம் போவதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் ஏன்?

2017-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவுகளோடு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. எனினும், சர்க்கார் எடுத்துவிட்ட அந்தப் பட்டியலை எத்தனையோ வீடுகளில் இன்னும் சாப்பாட்டு வேளையில் வாசிக்கிறார்கள். "அடுத்த வீட்டுப் பையன் எத்தனை மார்க்கு?" என்ற கேள்வியோடுதான் சோறு பரிமாறப்படுகிறது. தேர்வில் தவறியவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதை முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லி வைப்பது, முடிவுக்குப் பின் கூறும் ஆயிரம் ஆறுதலை விட மேலானது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய அரசாங்கம் 2022-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் பாடவேளை அட்டவணையை ஒட்டி வைத்திருக்கும் சுவரிலே, அதற்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள். எதற்காக என்று குழந்தை கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். இந்த விஷயத்தை நம் வீட்டில் பேசலாம் என்பது அப்போதே அதற்குத் தெரிந்துவிடும்.