நொச்சி வேது: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மாரி தொடங்கி வாடைக்காற்று வீசினால் தடிமனும் தொடங்கிவிடும். சூடடிக்கும் காலத்தில் பதர்த் தூசு; தகரக் கொட்டிலுக்குள் விறகடுப்புப் புகை. 2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. மூக்கு அடைத்து, முகம் கனத்து, குனிந்தால் நெற்றி வலிக்கும் இந்நோயை நம் முன்னோர் பீனிசம் என்றனர். அதற்கு அவர்கள் கையாண்ட வைத்தியங்களுள் ஒன்று நொச்சி வேது. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நோய் எப்படி வருகிறது?

நெற்றியிலும் கன்னங்களிலும் மூக்கின் பக்கங்களிலும் பின்புறத்திலும் எலும்புக்குள் நான்கு சோடி காற்றறைகள் உள்ளன. இவற்றின் சிறு வாசல்கள் மூக்கினுள் திறக்கின்றன. தடிமனால் மூக்கின் உட்பகுதி வீங்கும்போது வாசல் அடைபட்டுச் சளி உள்ளே தேங்குகிறது. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதைப் போன்றதே இதுவும். பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ் கிருமியே. ஆகவே பத்து நாட்களுக்குள் தானாகவே தணியும்; அன்ரிபயோற்றிக் குளிசை வைரசைக் கொல்லாது.

வேது பிடிக்கும் முறை

நொச்சியின் ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து இலைகள் கைவிரல்கள்போல விரிந்திருக்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் நிறம். பூ நீல ஊதா. நெல் மூடைக்குள் பூச்சி வராமலிருக்கக் காயவைத்துப் போடுவதும் இந்த இலையைத்தான்.

இரண்டு கைப்பிடி இலையைக் கழுவி, மூடிய பானையில் கொதிக்க வையுங்கள். பின்பு பானையை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத இடத்தில் வைத்துச் சில நிமிடங்கள் ஆறவிடுங்கள். கண்களை மூடி, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆவியைச் சுவாசியுங்கள்.

சிறுபிள்ளைகளுக்கு வேது பிடிக்கவே வேண்டாம். முகாம் ஒன்றில் போர்வைக்குள் இருந்த சிறுவன் துள்ளியதில் பானை கவிழ்ந்து, அவன் தொடை வெந்துபோனதை நாம் கண்டோம். தடிமன் ஒரு வாரத்தில் மாறியது, தழும்பு மாறவில்லை. குழந்தைகளுக்குக் கற்பூரமும் கூடாது. எவருக்கும் பச்சிலைச் சாற்றை மூக்கில் விட வேண்டாம்.

உப்பு நீரே மேல்

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேது சற்று இதம் தரும், நோயைக் குணமாக்காது. நாட்பட்ட பீனிசம் உள்ள 871 பேரிடம் இங்கிலாந்தில் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், வெறும் ஆவி தலைவலியைச் சற்றுக் குறைத்ததே தவிர வேறு பயன் தரவில்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு நன்மை கிடைத்தது.

கால் லீற்றர் நீரை நன்கு கொதிக்கவைத்து, இளஞ்சூடாக ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். குனிந்து தலையைச் சரித்து, மேல் நாசித் துளையில் மெதுவாக ஊற்றினால் மறு துளையால் வடியும். அப்போது வாயால் மூச்சு விடுங்கள். கொதிக்கவைக்காத கிணற்று நீரையோ குளத்து நீரையோ ஒருபோதும் பாவிக்காதீர்கள். அதிலுள்ள நுண்ணுயிர் மூக்கு வழியே மூளையைத் தாக்கக்கூடும்.

எப்போது வைத்தியரிடம் போவது?

பத்து நாள் கடந்தும் குறையாவிட்டால், குறைந்து மீண்டும் கூடினால், கடும் காய்ச்சலுடன் முகம் வலித்தால் வைத்தியரைக் காணுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, மயக்க நிலை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மூதூர் தள வைத்தியசாலைக்கோ திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாட்பட்ட பீனிசத்துக்குச் சுதேச வைத்தியத்தை நாடுவோர் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையில் ஆலோசனை பெறலாம்.

இடம்பெயர்ந்தபோது வீட்டையும் வயலையும் விட்டு வந்தோம். பாட்டி சொன்ன வைத்தியம் மட்டும் கூடவே வந்தது. அதைப் பேணுவோம், அதன் எல்லையையும் அறிவோம். சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் மண் தரும் மருந்தையும் மருத்துவரையும் சேர்த்தே மதிக்கக் கற்பிக்கிறது. இந்த மாரியில் உங்கள் வேலியோரம் ஒரு நொச்சித் தடியை நட்டுவையுங்கள். அடுப்புப் புகை வெளியேற கொட்டிலில் ஒரு வழியும் விடுங்கள்.