வீட்டுக் காப்பகத்துக்கும் விதி வேண்டும்

தூத்துக்குடியில் உப்பள வேலைக்குச் செல்லும் பெண்கள் பொழுது புலருமுன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகின்றனர். மீன் பதப்படுத்தும் ஆலை, மருத்துவமனை, துறைமுகம் சார்ந்த நிறுவனங்கள் ஆகியவற்றின் பணி நேரங்களும் அங்கன்வாடி நேரத்தோடு பொருந்துவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புபவர்கள், மாதக் கட்டணத்துக்குத் தம் வீட்டிலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள்.

30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். இவை வேலை தருவோரைக் கட்டுப்படுத்தின. வீட்டில் குழந்தை பார்ப்பவருக்கோ வாய்ச்சொல்லே ஒப்பந்தம். அண்டை வீட்டு உறவும் பணமும் கலந்திருப்பதால், நிபந்தனை பேசவே இருதரப்பும் கூச்சப்படுகின்றன. தாமதம், காய்ச்சல், கட்டணம் என ஏதேனும் ஒன்றில் மனக்கசப்பு வரும்போது இழப்பு மூவருக்கு: பராமரிப்பவர் வருமானத்தை இழக்கிறார்; தாய் வேலையை இழக்கக்கூடும்; குழந்தை பழகிய மடியை இழக்கிறது.

அபராதம் விதித்தால் போதாதா என்று கேட்கலாம். பொருளியல் மாணவர்களுக்கு நான் பலமுறை விளக்கிய ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் காப்பகங்களில் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி ஆகியோர் நடத்திய அந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்ததும் தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்கானது. அபராதத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. 'காக்க வைத்துவிட்டோமே' என்ற உறுத்தல் இருந்த இடத்தில், 'பணம் கொடுத்துவிட்டோம்' என்ற நிம்மதி வந்து அமர்ந்துவிட்டது. அங்கும் தாமதித்தால் என்ன நடக்கும் என்பது தொடக்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

எனவே, விதி முதல் நாளே சொல்லப்பட வேண்டும். அதன் காரணமும் உடன் சொல்லப்பட வேண்டும். தாய் வர இயலாத நாளில் குழந்தையை அழைத்துச் செல்லக்கூடியவர் யார் என்பது எழுத்தில் இருக்கட்டும். அப்பட்டியலில் இல்லாதவர் உறவினரே ஆனாலும் குழந்தையை ஒப்படைக்கலாகாது. காய்ச்சல் கண்டால் யாருக்குத் தகவல், எத்தனை மணிக்குள் அழைத்துச் செல்வது, எந்த மருந்தை யார் சொல்லிக் கொடுப்பது என்பவை முன்பே முடிவாகட்டும். தாமதம் தொடர்ந்தால் தண்டத்தைக் கூட்டுவதைவிட, நேரத்தையும் கட்டணத்தையும் மறுபடி பேசி அமைப்பதே பயன்தரும்.

இவ்வூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் ஓய்ந்துவிடுகின்றன. அம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசே 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. வருமானமற்ற தாயிடம் முழுக் கட்டணம் கேட்பது நியாயமன்று. ஒன்றுமே பெறாமல் குழந்தைக்கு இடம் ஒதுக்கி வைக்கப் பராமரிப்பவராலும் இயலாது. அக்காலத்துக்குரிய குறைந்த தொகையைக் கோடையிலேயே பேசி முடிப்பது இருவருக்கும் நல்லது.

விதி பராமரிப்பவரையும் கட்டுப்படுத்த வேண்டும். எத்தனை குழந்தைகளுக்கு மேல் ஏற்பதில்லை, அவ்வீட்டில் வேறு யார் இருப்பார்கள், அவருக்கு எந்நாள்கள் விடுமுறை என்பவற்றை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஒருவருக்குத் தளர்த்திய விதியை மற்றவரிடம் வலியுறுத்தவும் முடியாது.

ஒரு பக்க அளவில் எளிய தமிழில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, அங்கன்வாடிகள் வழியே அரசு வழங்கலாம். படிக்க இயலாதவருக்கு அதை வாசித்துக் காட்டலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. விடியுமுன் குழந்தையை ஒப்படைத்துவிட்டுச் செல்லும் தாய்க்கும், அதை வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கும் அந்த ஒரு தாள் பாதுகாப்பாக அமையும்.