ஒரு பொறியில் இரு குடித்தனம்



ஹைதராபாத் நகரின் வடமேற்கில் உள்ள ராமச்சந்திராபுரத்தில், 1960-களில் கனரக மின்கருவித் தொழிற்சாலை எழுந்த காலந்தொட்டு, பல மொழி பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள நம்மவர்க்குக் கடைத்தெருவில் தெலுங்கு, பணியிடத்தில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ். ஒன்று வந்தமையால் மற்றொன்றை விலக்க வேண்டிய நிலை ஏற்படுவதில்லை. கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு இயலும். முன்னரே உள்ள இயங்குதளத்தை அழிக்காமல், அதன் அருகில் இரண்டாவதாக ஒன்றைக் குடியேற்றும் முறையினை இன்று ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது? பொறியின் உறுப்புகளுக்கும் நாம் ஆளும் செயலிகளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் மேலாளரே அது. நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது விண்டோஸ். அதன் பத்தாம் பதிப்பிற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. பதினோராம் பதிப்போ, 2017-ஆம் ஆண்டிற்கு முற்பட்ட பொறிகளுள் பெரும்பாலானவற்றைத் தகுதியுடையனவாக ஏற்பதில்லை. ஆதலால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறியையும் கழித்துவிட வேண்டுமோ என்னும் கவலை பல குடும்பங்களில் எழுந்துள்ளது. அவ்வாறு கழிக்க வேண்டியதில்லை.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்கது. அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு அதில் இடமளிக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைந்த பொறிகள் மாணவர் கைக்கு வந்தன. பொறியைத் திறந்தவுடன் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலை அன்றே பல்லாயிரம் இளைஞர் கண்டனர். எனவே இம்முறை நமக்குப் புதியதன்று.

இனி, இது நடைபெறும் விதத்தை நோக்குவோம். பொறியினுள் உள்ள சேமிப்பு வட்டை ஒரு மனையாகக் கருதலாம். அம்மனையில் ஒரு குடித்தனம் மட்டுமே இருக்கிறது. அதன் காலி இடத்தில் ஒரு பகுதியைச் சுவரெடுத்துப் பிரித்து, மற்றொரு குடித்தனத்திற்கு விடுகிறோம். இப்பாகப்பிரிவினை முடிந்தபின், வாயிலில் ஒருவரை நிறுத்த வேண்டும். பொறி விழித்தெழும்போது 'எந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும்?' என்று கேட்டு வழிகாட்டும் அவருக்குத் தொடக்க ஏற்றி என்று பெயர். லினக்ஸில் இப்பணியைப் பெரும்பாலும் செய்வது 'கிரப்' என்னும் நிரல்.

செய்முறையில் முதற்படி, ஏற்கெனவே உள்ளவற்றைக் காத்துக்கொள்ளுதல். ஊரில் உள்ள பெற்றோரின் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றைத் தனியாக ஒரு வெளிவட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பாகம் பிரிக்கும்போது மின்சாரம் நின்றுபோனாலும், தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும், இழந்தவற்றை மீட்பது அரிது.

இரண்டாம் படி, விண்டோஸிலேயே உள்ள வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு அதன் பகுதியைச் சுருக்குதல். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸுக்கு 25 ஜிகாபைட்டேனும் வேண்டும். 50 இருப்பின் தாராளம். மூன்றாம் படி, லினக்ஸை ஒரு யு.எஸ்.பி. நினைவுக்கோலில் ஏற்றி, அதிலிருந்தே பொறியை இயக்கிப் பார்த்தல். வட்டில் எதையும் எழுதாமலே ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்று இந்நிலையில் அறியலாம். எல்லாம் செவ்வனே அமைந்தால், 'விண்டோஸுக்கு அருகில் நிறுவுக' என்னும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் மற்றொரு வழியும் அதே திரையில் தோன்றும். அவ்விடத்தில் அவசரம் ஆகாது.

மேலும் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பல புதிய பொறிகளில் விண்டோஸ் தன் பகுதியைப் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டினால் மறையாக்கி வைத்திருக்கும். தொடக்க அமைப்பு மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அச்சாவியை முன்னரே தாளில் குறித்து வைக்காதவர், தம் வீட்டிற்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியில் நிற்க நேரும். இரண்டாவது, விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்போது விண்டோஸ் முற்றும் உறங்குவதில்லை. அரைத் துயிலில் உள்ள அதன் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம். மூன்றாவது, லினக்ஸ் வேண்டாமென்று பின்னாளில் அதன் பகுதியை மட்டும் அழித்துவிடலாகாது. வாயிற்காவலரின் உடைமைகளும் அங்கேயே இருப்பதால், விண்டோஸுக்கும் வழி அடைபடக்கூடும். முதலில் விண்டோஸின் தொடக்க ஏற்றியை மீண்டும் அமர்த்திவிட்டே பகுதியை நீக்குதல் முறை.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது, சில வேளை கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். பொறியின் கடிகாரத்தில் உலகப் பொதுநேரம் உள்ளதென லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரம் உள்ளதென விண்டோஸ் கொள்கிறது. இரண்டிற்கும் இடையே இந்திய நேரத்திற்குள்ள வேறுபாடே இது. பழுதன்று, உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒரே கட்டளையால் சொல்லிவிடலாம்.

இத்துணை முயற்சியால் விளையும் பயன் யாது? விண்டோஸில் மட்டுமே இயங்கும் அலுவலகச் செயலிகளுக்கு இடையூறு இல்லை. இணையம், கடிதம், படிப்பு ஆகியவற்றை, தொடர்ந்து திருத்தங்கள் பெறும் லினக்ஸில் அச்சமின்றிச் செய்யலாம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. வேற்று மாநிலப் பள்ளிகளில் தமிழைப் பாடமாகப் பெறாத நம் பிள்ளைகள், அலமாரியில் ஒதுக்கிவைத்த பழைய பொறியிலேயே பட்டியல்களைத் தமிழில் படித்து, பாட்டிக்கு ஒரு கடிதத்தைத் தமிழில் எழுதிப் பழகலாம். புதுப் பொறிக்குச் செலவிட எண்ணிய தொகையோ, ஊர்ப் பயணத்திற்கு உதவும்.